மிலிட்டரி பச்சையில் ஒரு ஜிப்சி, அட்வான்ஸ் போடலாமா?

கேள்வி: வில்லியனூர் பக்கம் ஒருவர் 1997 மாருதி ஜிப்சி கிங் ஜீப் விற்கிறார். முழுக்க ரெஸ்டோர் செய்து, மிலிட்டரி பச்சை அடித்து, முன்னால் இரும்பு பம்பர் எல்லாம் போட்டு ஆளை அசத்துகிறது. பி.ஒய். 01 நம்பர், ஆறரை லட்சம் சொல்கிறார். பெங்களூர் பார்ட்டி ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், அதனால் இன்றே 50,000 அட்வான்ஸ் போடச் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து ஜிப்சி ஆசை எனக்கு. போடலாமா சார்?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இன்று போடாதீர்கள். வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்க வேண்டியதை இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெங்களூர் பார்ட்டி எல்லாப் பழைய வண்டிக்கும் வருவார், எதையும் வாங்கிப் போனதாகத் தெரியவில்லை.

முதலில் அந்தப் பச்சை. ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி நேராகவே சொல்கிறது. ஆர்.சி.யில் வெள்ளை என்றிருந்து வண்டி பச்சையாக நின்றால் பெயர் மாற்றும்போது மாட்டப்போவது நீங்கள், விற்றவர் இல்லை. வேறு பெயின்ட் அடிக்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அந்த இரும்பு பம்பரும் கழற்ற வேண்டியதுதான், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அந்த வகைக் கம்பிகளைக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அப்புறம் துரு. இதில்தான் பணமே இருக்கிறது. ஜிப்சி என்பது ஜப்பான் சுசுகியின் எஸ்.ஜே. 410-ஐ மாருதி 1985-ல் இங்கே கொண்டுவந்தது, 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு கிங் வந்தது. இதில் சேஸிஸ் (அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) தனி, பாடி தனி. பாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் டிங்கரிங் செய்து புதுசாக்கலாம், சேஸிஸ் அரித்துப் போயிருந்தால் மேலே அடித்த பெயின்ட் எல்லாம் வீண். நம் பக்கம் கடல் காற்று போதாதென்று 2024-ல் ஃபெஞ்சல் புயலும் அதையொட்டித் தென்பெண்ணை வெள்ளமும் வந்து புதுச்சேரி, கடலூர் இரண்டிலும் எத்தனையோ வண்டி தண்ணீரில் நின்றது, அதில் ஒன்று இப்படி மினுக்கி விற்பனைக்கு வராது என்று யார் சொல்ல முடியும்? ஒரு வாட்டர் சர்வீஸில் காசு கொடுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியில் போய் நில்லுங்கள். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்கும் போல்ட் இடங்கள், இவற்றை ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். புதிதாகத் தடிமனாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் அங்கேதான் அதிகமாகத் தட்ட வேண்டும். பாடியில் காந்தம் வைத்துப் பார்த்தால், ஒட்டாத இடத்தில் பட்டி (ஓட்டை, பள்ளத்தை அடைக்கும் பசை) பூசியிருப்பது தெரிந்துவிடும். உண்மையாகவே ரெஸ்டோர் செய்தவரிடம் பாடியைக் கழற்றிய போட்டோவும் பில்லும் இருக்கும், இல்லை என்றால் அது பெயின்ட் வேலை.

ஓட்டும்போது நாற்பது ஐம்பதில் ஸ்டியரிங் உதறினால் முன்சக்கரம் திரும்பும் மூட்டில் இருக்கும் கிங்பின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவைத் தார் ரோட்டில் போட்டுத் திருப்பாதீர்கள், மண் தரையில் போட்டு, முன்சக்கர நடுவில் இருக்கும் ஹப்பையும் லாக் செய்து பாருங்கள். 1997 என்றால் கார்புரேட்டர் எஞ்சின், பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், அது பழைய ரப்பருக்கு ஆகாது, ஆகவே பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை மாற்றும் செலவும் உங்கள் கணக்கில் வரும்.

காகிதம். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி, கடன் பாக்கி பாருங்கள், சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே குனிந்து படியுங்கள். கடலூர் முகவரிக்கு மாற்றப் புதுச்சேரியிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், அது ஃபாரம் 28; விற்பவர் 29, 30-லும் கையெழுத்து போட வேண்டும். தமிழ்நாட்டு வரி தனி. புதுச்சேரி வரி குறைவு என்பதால் இந்தச் செலவை விற்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸ் சுத்தம், பில் இருக்கிறது, என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகுதான் பாக்கிப் பணம் என்று எழுதித் தருகிறார் என்றால் பேசி வாங்குங்கள். அட்வான்ஸும் பேங்க் வழியாக மட்டும். விற்பவர் வியாபாரியாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு. தனி ஆள் என்றால் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே கேளுங்கள்.

கேள்வி: எனக்கும் ஒரு ஜிப்சி வந்திருக்கிறது, டீசல் எஞ்சின் மாற்றியது, மைலேஜ் நல்லாக் கொடுக்கும் என்கிறார்கள்.
(வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: ஜிப்சி கம்பெனியிலிருந்து வந்தது பெட்ரோலில் மட்டும்தான். ஆர்.சி.யில் டீசல் என்று முறையாக ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் மைலேஜ் எவ்வளவு கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.