நம்ம டீம் ஆளுக்கே அவுட் குடுக்கணுமா? - கிளப் கிரிக்கெட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, லீக்ல எங்களுக்கும் ஒரு டீமுக்கும் பல வருஷமா ஆகாது, மத்த மேட்ச்லாம் தோத்தாலும் பரவால்ல அவங்கள ஜெயிச்சிடணும்னு இருப்போம். போன வாரம் அவங்க கூட மேட்ச், நான் சீக்கிரம் அவுட் ஆயிட்டதால அம்பயரா நிக்க சொன்னாங்க. கடைசி விக்கெட், ஜெயிக்க 4 ரன். எங்க ஆளு பேட்ல பந்து உரசி கீப்பர் கைக்கு போனது எனக்கு நல்லா கேட்டுச்சு. மொத்த டீமும் அப்பீல் பண்ணாங்க, நான் நாட் அவுட்னு தலையாட்டிட்டேன். அடுத்த பந்தே பவுண்டரி, ஜெயிச்சிட்டோம். எல்லாரும் என்ன கட்டிப்பிடிச்சாங்க, எனக்கு அன்னிலருந்து தூக்கம் சரியா வரல. இப்ப உண்மைய சொன்னா ரிசல்ட் மாறிடுமா?

பதில்: மாறாது தம்பி. மேட்ச் முடிஞ்சு அம்பயர்களும் ஸ்கோரர்களும் ஸ்கோர் சரின்னு ஒத்துக்கிட்டா அதுக்கப்புறம் முடிவ மாத்தக்கூடாதுன்னு கிரிக்கெட் விதிகள்ல 16வது விதியே சொல்லுது. அதனால பாயிண்ட் போயிடும், நம்ம பசங்க சண்டைக்கு வருவாங்கன்னு பயந்துட்டு சொல்லாம இருக்காதீங்க. ஆனா யார்கிட்ட சொல்றதுன்னு இருக்குல்ல, முதல்ல அந்த பவுலர்கிட்ட போய் சொல்லுங்க.

ஏன்னா நான் அந்த பவுலர் இடத்துல நின்னிருக்கேன். கிளப் மேட்ச்தான், இதே மாதிரி பரம எதிரி டீம், இதே மாதிரி எட்ஜ். நான் அப்பீல் பண்ணிட்டு திரும்பி பாக்குறேன், அம்பயரா நின்னவரு என் முகத்தயே பாக்கல, கீழ குனிஞ்சு பந்து எண்ற கூழாங்கல்ல ஒரு பாக்கெட்லருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்ல போட்டுக்கிட்டு இருந்தாரு. அந்த மேட்ச்ல நாங்க எத்தன ரன் அடிச்சோம்னு இப்ப கேட்டா தெரியாது, அந்த கல்லு மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அவரு பின்னாடி ஒரு நாள் வந்து "அன்னிக்கு பட்டுச்சுப்பா"ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எனக்கு அது போதும். கடைசி வர சொல்லல.

சந்தேகத்தோட பலன் பேட்ஸ்மேனுக்குங்கறது காலங்காலமா இருக்கற வழக்கம், அத நான் குறை சொல்லல. சத்தம் பேட்லருந்து வந்துச்சா இல்ல கால்ல கட்டற பேடுலருந்தான்னு குழப்பமா இருந்தா தாராளமா நாட் அவுட் குடுங்க, அம்பயர் முடிவ வீடியோ பாத்து மறுபடி சரி பாக்கற டிஆர்எஸ்ஸும் இல்ல ரீப்ளேயும் இல்ல, யாரும் உங்கள கேக்க முடியாது. ஸ்கொயர் லெக்ல நிக்கிற அம்பயர் இன்னும் நல்லா பாத்திருக்கக்கூடிய விஷயம்னா அவர கூப்பிட்டு பேசறதுக்கும் விதில இடம் இருக்கு. ஆனா உங்களுக்கு குழப்பமே இல்லயே, தெளிவா கேட்டுச்சுன்னு நீங்களே எழுதிருக்கீங்க.

1980ல மும்பைல நடந்த இந்தியா இங்கிலாந்து டெஸ்ட்ட பத்தி சொல்லணும். இங்கிலாந்து 5 விக்கெட் போய் தடுமாறிட்டு இருந்த நேரம், பாப் டெய்லருக்கு கீப்பர் கேட்ச்னு அம்பயர் அவுட்டே குடுத்துட்டாரு. பேட்ல படலன்னு நெனச்ச நம்ம கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் அவர திரும்ப கூப்பிட்டு ஆட வெச்சாரு. டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் போட்டாங்க, இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்துல தோத்துச்சு. ஒரு டெஸ்ட் மேட்ச்சயே விட்டுக்குடுத்த மனுஷன்னு விஸ்வநாத்த இன்னிக்கும் மரியாதயோட பேசறாங்க.

அடுத்த சீசன் டாஸுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனும் உக்காந்து பேசட்டும். முடிஞ்சா ஒரு எண்டுல அவங்க ஆளு, ஒரு எண்டுல நம்ம ஆளுன்னு அம்பயர் நிக்க வெக்கலாம். இல்லன்னா அடுத்து பேட்டிங் எறங்க வேண்டியவன் பேடு கட்டிக்கிட்டே வந்து அம்பயரா நிக்கறதயாவது நிறுத்துங்க, அவன் மனசு பூரா அவன் பேட்டிங்லதான் இருக்கும், பந்த எங்க பாப்பான்.

கேள்வி: பவுலர் பக்கம் நிக்கிற எங்க பேட்ஸ்மேன் (நான்-ஸ்ட்ரைக்கர்) பந்து போடறதுக்கு முன்னாடியே கிரீஸ விட்டு நகர்ந்தான்னு, வார்னிங்கே குடுக்காம எதிர் டீம் பவுலர் ரன் அவுட் பண்ணிட்டான். பெரிய கைகலப்பு ஆகப் பாத்துச்சு. இது ஏமாத்து வேலதானே?

பதில்: இல்லீங்க. வார்னிங் குடுக்கணும்னு விதில எங்கயும் கிடையாது. முன்னாடி இது முறைகேடான ஆட்டம் பத்தின 41வது விதிக்குள்ள இருந்துச்சு, 2022 அக்டோபர்லருந்து ரன் அவுட் பத்தின 38வது விதிக்கு மாத்திட்டாங்க, அதாவது மத்த ரன் அவுட் மாதிரி இதுவும் ஒண்ணு, அவ்ளோதான். 1947ல சிட்னில ஆஸ்திரேலியாவோட பில் பிரவுன நம்ம இந்திய பவுலர் வினு மன்கட் இப்படி அவுட் பண்ணாருன்னுதான் மன்கட் பேர இத்தன வருஷமா ஒரு வசவு மாதிரி இழுத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு அதுல எப்பவுமே வருத்தம் உண்டு, கிரீஸ விட்டு முன்னாடியே கெளம்புனது மன்கட் இல்லயே.

1987 உலகக் கோப்பைல லாகூர்ல வெஸ்ட் இண்டீஸ் பவுலர் கோர்ட்னி வால்ஷ் கடைசி பந்துல இதே மாதிரி கெளம்புன பாகிஸ்தானோட சலீம் ஜாஃபர அவுட் பண்ணாம எச்சரிச்சு விட்டாரு, வெஸ்ட் இண்டீஸ் ஒரு விக்கெட்ல தோத்துச்சு. அது அவரோட பெருந்தன்ம, மனசார பாராட்டுவோம். ஆனா அந்த பெருந்தன்மய எதிர் டீம்கிட்ட உரிம மாதிரி கேக்க முடியாது. பந்து பவுலர் கைய விட்டு போறத கண்ணால பாத்துட்டு கெளம்ப சொல்லி உங்க பசங்களுக்கு பழக்குங்க.

கேள்வி: 9 பேர்தான் வந்தாங்க. எதிர் டீமே பெரிய மனசு பண்ணி ஃபீல்டிங்குக்கு ஒரு பையன குடுத்தாங்க. அவன பவுலிங் போட வெக்கலாமா?

பதில்: கூடாது. மாற்று ஃபீல்டர் பவுலிங் போட முடியாது, கேப்டனா இருக்க முடியாது, அம்பயர் சம்மதிச்சா கீப்பிங் மட்டும் பண்ணலாம். ரெண்டு டீமும் ஒத்துக்கிட்டா 11 பேருக்கு கம்மியாவும் ஆடலாம், ஆனா உங்க லீக் விதிய ஒரு தடவ படிச்சிடுங்க. அந்த பையன குடுத்த கேப்டனுக்கு மறக்காம நன்றி சொல்லுங்க.

கேள்வி: எங்க ஸ்கோர் புக்ல டை (ரெண்டு டீமும் சம ரன்), அவங்க புக்ல அவங்க ஒரு ரன்ல ஜெயிச்சிருக்காங்க. எத நம்பறது?

பதில்: ரெண்டு புக்கயும் பக்கத்துல வெச்சு கணக்க சரி பாருங்க. பேட்ஸ்மேன்கள் அடிச்ச ரன்னயும் எக்ஸ்ட்ராவயும் கூட்டுங்க. அப்புறம் பவுலர்கள் குடுத்த ரன்ன கூட்டி அதோட பை (எதுலயும் படாம போன பந்துல ஓடுன ரன்), லெக் பை (உடம்புல பட்ட பந்துல ஓடுன ரன்), பெனால்ட்டி ரன் இருந்தா அதயும் சேருங்க, வைடும் நோ பாலும் ஏற்கனவே பவுலர் கணக்குல இருக்கும். ரெண்டும் ஒண்ணா வரணும். வரலன்னா ஓவர் ஓவரா போங்க, பெரும்பாலும் லெக் பைய பேட்ஸ்மேன் கணக்குல எழுதிருப்பாங்க இல்லன்னா நோ பால்ல ஓடுன ரன்ன விட்டிருப்பாங்க. அம்பயரும் கூடவே இருக்கணும், ஸ்கோர் சரியான்னு மேட்ச் நடக்கும்போதே அப்பப்ப பாத்துக்கறது அவரோட பொறுப்புதான். இனிமே ரெண்டு டீம் ஸ்கோரரும் ஒரே பெஞ்ச்ல உக்காந்து, ஒவ்வொரு ஓவர் முடிஞ்சதும் டோட்டல சத்தமா சொல்லி சரி பாத்துக்குங்க.