சாவியும் சிறுவாடும்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் வயதுதான் எனக்கு இருக்கும். ‘நீ’ என்றே எழுதுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அவர் நல்லவர், கொஞ்சம் பிடிவாதம். நேராகச் சொன்னால் எதுவும் நடக்காது. அதனால் சின்னச் சின்னத் தந்திரம் செய்வேன். காலையில் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பைக் சாவி அரிசி டின்னுக்குள் போய்விடும். ஒரு நல்ல வார்த்தை பேசினால்தான் வெளியே வரும். சண்டை போட்ட அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருக்காது. குற்றாலம் போக ஆசை வந்தால், “இப்போ கூட்டமா இருக்கும், வேண்டாம்” என்பேன். அவரே வீம்புக்கு “அதெல்லாம் ஒண்ணுமில்ல, போறோம்” என்று கிளப்புவார். பணத்திலும் அப்படித்தான். வீட்டுக் கணக்கு அவர் பார்ப்பதால் சம்பளம் வந்த அன்றே ஜிபேயில் அவருக்கு அனுப்பிவிடுவேன். அப்புறம் காய்கறி, மளிகை விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு எடுத்து அப்பாவின் சுகர் மாத்திரைக்கு அம்மாவிடம் கொடுக்கிறேன். அவருக்குத் தெரியாது.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தார். சாவி விளையாட்டைப் பார்த்துவிட்டு, “இப்படி நடிச்சு நடிச்சுக் குடும்பம் நடத்தினா நிலைக்காது” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. நான் செய்வது ஏமாற்று வேலையா? எதுவரைக்கும் போகலாம்?

*

அன்புள்ள பெண்ணுக்கு,

சாவியை ஒளித்து வை. தாராளமாக ஒளித்து வை. ஏழு மாதத்தில் அரிசி டின்னுக்குள் கை விடத் தெரிந்த கணவனுக்கு, தன் மனைவி எதற்குக் கோபித்துக்கொள்வாள் என்பதும் தெரிந்திருக்கும். உப்பும் அப்படியே. வீட்டில் வேறு யாரும் அந்தச் சாம்பாரைச் சாப்பிடாதவரை அது உங்கள் இருவருக்குள் நடக்கிற பேச்சு. நாத்தனார் சொன்னதை விடு. அடுத்தவர் வீட்டு ஊடலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பாகத்தான் தெரியும்.

இந்த விளையாட்டுக்கு நம்மிடம் நீண்ட வழக்கம் இருக்கிறது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. அதில் புலவி நுணுக்கத்தில் ஒரு பெண் சொல்கிறாள்: நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், அவர் தும்மினார், தும்மினால் நான் ‘நீடு வாழ்க’ என்று வாய் திறந்துதான் ஆகவேண்டும் என்று தெரிந்துகொண்டு தும்மினார். எனக்கு இதில் பிடித்தது, அவள் அவன் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது. கண்டுபிடித்து, அதைத் தோழியிடம் சொல்லி மகிழ்கிறாள். தந்திரம் யார்மீது செய்யப்படுகிறதோ அவருக்கே அது தெரிகிறது. உன் அரிசி டின்னும் அந்த வகைதான். நாளைக்கு உன் கணவர் உன் செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்து வைத்தால் ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கும்.

குற்றாலம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேண்டும் என்பதை வேண்டாம் என்று சொல்லி வாங்கிப் பழகினால், ஒருநாள் நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லும்போது அவர் அதை நம்ப மாட்டார். இதை மட்டும் யோசித்துப் பார்.

ஆனால் நான் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உன் கடிதத்தில் போகிற போக்கில், சாவியோடும் உப்போடும் சேர்த்து, “பணத்திலும் அப்படித்தான்” என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக. எது அம்மா அப்படித்தான்? அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

சாத்தூரில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். மாமா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதியவர். வீட்டிலும் ஒரு நீள நோட்டு உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அத்தை நின்றுகொண்டே கணக்கு ஒப்பிப்பார். கீரை இவ்வளவு, பூ இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு. மாமா ஒவ்வொன்றாக எழுதுவார். எல்லாவற்றிலும் அத்தை ஓரிரண்டு ரூபாய் ஏற்றித்தான் சொல்வார். பழைய பேப்பர் போட்ட காசு கணக்குக்கே வராது. நூறு ரூபாய்த் தாள் ஐந்து சேர்ந்துவிட்டால் பூக்கார அம்மாவிடம் கொடுத்து ஐந்நூறாக மாற்றிக்கொள்வார், டின்னில் இடம் அடைக்காது என்று. மிளகாய் வற்றல் டின்னின் அடியில், மஞ்சள் பையில் சுற்றியபடி, யாருக்கும் தெரியாமல் சேர்த்த அந்தச் சிறுவாடு இருந்தது. பேத்தியின் காதுகுத்துக்குத் தன் கையால் ஒரு ஜோடித் தோடு எடுத்துப் போட வேண்டும் என்பதுதான் அத்தையின் ஆசை. மாமா கஞ்சர் இல்லை. கேட்டால் வாங்கிக் கொடுத்திருப்பார். அத்தைக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி நான் அந்த வீட்டில் இருந்தேன். எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர் பேசுகிறார். இன்று நள்ளிரவிலிருந்து 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது. மாமா சாப்பிட்டுக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காதோடு கேட்டார்: “ஐந்நூறுமா?”

அடுத்த இரண்டு நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. வங்கியில் அடையாள அட்டையைக் காட்டி ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றலாம். மிச்சத்தைக் கணக்கில் போட வேண்டும், டிசம்பர் 30 வரைக்கும் நேரம். அத்தை பெயரில் கணக்கே கிடையாது. மூட்டுவலியோடு அந்த வரிசையில் நிற்கவும் முடியாது. மூன்றாம் நாள் மஞ்சள் பையைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தார். நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம்.

மாமா கோபப்படவில்லை. அதுதான் என்னால் மறக்க முடியாதது. சிரித்தார். எண்ணினார். நீள நோட்டை எடுத்து வரவுப் பக்கத்தில் எழுதினார். மறுநாள் வரிசையில் நின்று தன் கணக்கில் போட்டுவிட்டு வந்தார். அடுத்து வந்த கல்யாணங்களில் எல்லாம் இதுதான் அவருக்குப் பேச்சு. “என் வீட்டுக்காரி பெரிய கைகாரி தெரியுமா?” என்று பெருமையாகவே சொன்னார். காதுகுத்தும் வந்தது. அத்தை நினைத்ததைவிடக் கனமான தோடாக மாமா எடுத்தார். தாத்தா எடுத்த தோடு என்று எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அத்தை பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நவம்பரில் வாட்ஸாப்பில் மனைவிமாரின் கறுப்புப் பணம் என்று எத்தனை நகைச்சுவை சுற்றியது! மேடைகளில் இன்னொரு பக்கம், நம் பெண்களின் சேமிப்புத் திறமையைப் பார் என்று புகழ்ந்தார்கள். இரண்டும் எனக்கு ஒரேயளவு எரிச்சலைத் தந்தது. திறமைதான், யார் இல்லை என்றது? வாழ்நாள் முழுவதும் கீரைக்கட்டில் ஒரு ரூபாய் மிச்சம் பிடித்த திறமை, ஒரு ராத்திரியில் இன்னொருவர் நோட்டில் வரவாகிவிட்டதே, அதைப் பற்றி எந்த மேடையில் பேசினார்கள்?

அத்தைக்காவது வருமானம் கிடையாது. மாமா கொடுத்ததிலிருந்துதான் எடுக்க முடியும், வேறு வழி இருக்கவில்லை. உனக்கு என்ன வந்தது? காலையில் எட்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் போய், தொண்டை வறளக் கத்தி, பேப்பர் திருத்தி, மாதக் கடைசியில் வாங்குகிற சம்பளத்தை நீயே அவருக்கு அனுப்பிவிட்டு, அதிலிருந்தே தக்காளி விலையை ஏற்றிச் சொல்லித் திருடுகிறாய். கடுமையான வார்த்தைதான். நாளைக்கு உன் கணவர் கடைச் சீட்டைப் பார்த்துவிட்டால் இதற்கு வீட்டில் வேறு எந்தப் பெயர் வைப்பார்கள் என்று நீயே சொல். உன் பணத்துக்கு நீயே திருடியாகி நிற்பாய். நாத்தனார் சொன்ன ‘நடிப்பு’ அன்றைக்குத்தான் பெரிதாக எழும்பும். அப்போது சாவியும் உப்பும்கூடப் பொய்க்கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, பிடிபடவே இல்லை என்று வை. அப்போதும் நஷ்டம்தான், அது உன் கணவருக்கும் சேர்த்து. அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். மாமனாருக்குச் சுகர் இருப்பது அவருக்குத் தெரியும். மாத்திரைக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது என்பது தெரியுமா? தெரிய நீ விட்டிருக்கிறாயா? ஒரு நல்ல மனிதன் நல்லபடி நடந்துகொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது, அதை நீ தக்காளிக்குள் ஒளித்துவிட்டாய். வீட்டுச் செலவு இவ்வளவு என்று தப்பான ஒரு தொகையை வைத்துக்கொண்டு அவர் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து, குழந்தை, வீட்டுக் கடன் என்று செலவைச் சுருக்கும்போது எங்கே கை வைப்பார்? காய்கறிக் கணக்கில்தான். அன்றைக்கு உன் அப்பாவின் மாத்திரை நிற்கும், ஏன் நின்றது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் நீ நிற்பாய்.

இன்னொன்று. உன் அப்பா உன்னைப் படிக்க வைத்ததால் வந்த வேலை இது. அந்தச் சம்பளத்திலிருந்து அவருக்கு மாத்திரை வாங்குவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மகன் வாங்கிக் கொடுத்தால் கடமை, மகள் வாங்கிக் கொடுத்தால் சிறுவாடா? பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே சட்டத்தில் இருக்கிறது. சம்பாத்தியமும் அப்படித்தான். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு பெண் தன் உழைப்பாலும் திறமையாலும் சேர்த்ததை அவளுக்கே முழு உரிமையாக்குகிறது. உன் சீதன நகையும் உன்னுடையதுதான், புகுந்த வீட்டார் பீரோவில் இருந்தாலும் அவர்கள் அதற்குக் காவல் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடு என்று நான் சொல்லவில்லை. உன்னுடையதைக் கேட்பதற்கு உனக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயரில் ஒரு கணக்கு இருப்பது என்ன செய்யும் என்பதையும் அதே அத்தையிடம்தான் பார்த்தேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வர ஆரம்பித்தது. மாதம் ஆயிரம் ரூபாய், அத்தையின் பெயரில், அத்தையின் கணக்கில். குறுஞ்செய்தி வந்ததும் ஏடிஎம்முக்குக் கிளம்பிவிடுவார். அந்தப் பணத்தை அவர் எந்த டின்னிலும் வைப்பதில்லை. எடுத்து வந்ததும் மாமாவிடமே சொல்கிறார்: “பணம் வந்திருச்சு. பேத்திக்குப் பாவாடைத் துணி எடுக்கப் போறேன்.” மாமா நோட்டை எடுப்பதில்லை.

நம் கல்யாணங்களில் நலங்கு வைக்கும்போது ஒரு குடத்தில் தண்ணீர் ஊற்றி மோதிரத்தைப் போட்டு, இரண்டு பேரையும் கையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தேங்காய் உருட்டுவார்கள், தலையில் அப்பளம் உடைப்பார்கள். எனக்கு அந்தக் கூத்தெல்லாம் ரொம்பப் பிடிக்கும். முதல்நாள்தான் பழகிய இரண்டு பேர் ஊர் பார்க்க விளையாடுகிறார்கள். ஆனால் குடத்துப் பக்கம் நின்று கவனித்திருக்கிறாயா? பெண்ணின் பின்னாலிருந்து ஒரு பெரியம்மா குனிந்து சொல்வார்: “கெடச்சாலும் விட்டுடு, அவர் எடுக்கட்டும்.” போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் கண்முன்னால் ஒரு பெண், கையில் அகப்பட்ட மோதிரத்தைத் தண்ணீருக்குள்ளேயே மாப்பிள்ளை விரலில் தள்ளிவிட்டாள். அவன் எடுத்துத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். உன் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். சம்பளத்தை அனுப்பிவிட்டுத் தக்காளியில் திரும்பப் பிடிக்கிற பழக்கம் அந்தக் குடத்திலேயே ஆரம்பிக்கிறது. அந்தப் பெரியம்மாக்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்குத் தெரிந்த வழியை அவர்கள் சொல்கிறார்கள். அது கையில் சம்பளம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி. உனக்கு அது வேண்டாம்.

யூடியூபில் இதற்கெல்லாம் பத்து வழி, பதினைந்து வழி என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்காதே.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் அனுப்பாதே. அன்றைக்கே சொல்லிவிடு, ஒளித்து வைத்ததாக ஆகிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, அப்பாவின் மருந்துச் சீட்டையும் போன மாத பில்லையும் எடுத்து வை. இவ்வளவு ஆகிறது, என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன், வீட்டுக்கு இவ்வளவு தருகிறேன், என் கணக்கில் இவ்வளவு இருக்கும் என்று தொகையாகச் சொல். இத்தனை நாள் காய்கறி விலையை ஏற்றிச் சொன்னதையும் சொல்லிவிடு, அழாமல் சொல். சிரித்து மழுப்பவும் வேண்டாம். அவர் முகம் மாறலாம், ஒருநாள் முழுக்கப் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் சாவியை எடுக்காதே.

என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. கோபப்பட்டிருந்தாலும் மறைக்காமல் எழுது.