எச்ஐவி உள்ள எனக்கு சிஆர்பி அதிகமாக வந்திருக்கிறது. சர்க்கரை நோய் வந்துவிடுமா?

ஒன்பது வருடமாக எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரை, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவு, ஆனால் செக்கப்பில் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 8 என்று எழுதியிருக்கிறீர்கள். வயதைச் சொல்லவில்லை. என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பீர்கள் என்று தம்பி என்றே கூப்பிடுகிறேன். அந்தத் தாளை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் மடித்து வைத்திருப்பீர்கள். நானும் அப்படி வைத்திருந்தவள்தான்.

நான் டாக்டர் இல்லை. "இவளுக்கு என்ன தெரியும்" என்று கேட்க வருபவர்களுக்குச் சொல்கிறேன்: 2007 முதல் மாத்திரை சாப்பிடுகிறேன், 2019 முதல் சர்க்கரையும் இருக்கிறது.

வாய்ப்பு கூடும் என்பது உண்மை. எச்ஐவி ஆரம்பத்திலேயே குடல் சுவரில் உள்ள, நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்களை அழித்துவிடுகிறது. மாத்திரையால் வைரஸ் அடங்கினாலும் அந்தச் சுவர் முழுசாகத் தேறுவதில்லை. குடல் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிவதால் உடம்பு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி, ஐஎல்-6 எல்லாம் அந்தப் புகைச்சலை, அதாவது அழற்சியைக் காட்டுபவை. இன்சுலினை ஒழுங்காக வேலை செய்யவிடாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. 2010இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்து தொடங்கி 48 வாரம் கழித்தும் சிஆர்பி போன்றவை உயர்ந்திருந்தவர்களுக்குப் பிறகு சர்க்கரை அதிகமாக வந்திருந்தது. ஆனால் சளி பிடித்தாலும் சிஆர்பி ஏறும், உடல் எடை கூடினாலும் ஏறும். அதை வைத்துச் சர்க்கரை வரும், வராது என்று ஒருவருக்குச் சொல்ல முடியாது. சர்க்கரையை நேராகப் பார்த்துவிடுங்கள்.

அதையும் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நான் ஏமாந்தேன். எச்ஐவிக்கு எனக்கு முதலில் கொடுத்தது ஸ்டாவுடின் என்ற மருந்து. கன்னம் ஒட்டிப்போய், பாதம் எரியும். பிறகு ஜிடோவுடினுக்கு மாற்றினார்கள். இரண்டுமே சர்க்கரைக்கு வழிவிடக்கூடியவை என்று அப்போது எனக்குத் தெரியாது. (மருந்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.) 2019 கடைசியில் தாங்க முடியாத தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பேன். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி 5.9 என்று வந்தது. "பார்டர்தான்க்கா, பயப்படாதீங்க" என்றார் லேப் பையன். மனசு கேட்காமல் வெறும் வயிற்றில் பார்த்தேன், 148. அடுத்த வாரம் 152. 126ஐத் தொட்டாலே சர்க்கரைதான். ஜிடோவுடின் மாதிரி மருந்து சாப்பிடுபவர்களின் சிவப்பணுக்கள் மாறிவிடுவதால் ஹெச்பிஏ1சி குறைத்துக் காட்டும் என்று ஏஆர்டி சென்டர் டாக்டரம்மா பிறகு சொன்னார்.

அடுத்து செய்தது என் தப்பு. சர்க்கரைக்குப் பார்த்த தனியார் டாக்டரிடம் நான் பாசிட்டிவ் என்பதை மறைத்தேன். 2021இல் எனக்கு டொலுடெக்ராவிர் உள்ள டிஎல்டி மாத்திரைக்கு மாற்றினார்கள். அது தெரியாமல் அவர் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை காலை 1000, இரவு 1000 மில்லிகிராம் என்று ஏற்றினார். டொலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை ஏறக்குறைய 80 சதவீதம் கூட்டிவிடும். இரண்டும் சேரும்போது ஒரு நாளைக்கு மொத்தமே 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். இரண்டு வாரம் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அதே 2019 தொடக்கத்தில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போன இடத்தில் உண்மையைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தவளை எழுப்பி, "இங்கே வசதி இல்லை" என்று அனுப்பினார்கள். வெளியே வரும்போது வரவேற்பில் இருந்த பெண் என் கை பட்ட பேனாவைத் துடைத்ததைப் பார்த்தேன். எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் பஸ் ஏறினேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பிறகு ஒரு அரசு மருத்துவமனையில் அந்தப் பல்லை எடுத்தார்கள், பத்து நிமிட வேலை.

சிஆர்பியை மறுபடி பார்க்கும் முன் உங்கள் பல்லையும் ஈறையும் காட்டிவிடுங்கள் தம்பி, ஈறு வீங்கியிருந்தாலும் அது ஏறும். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்ப்பேன்.