பெரியப்பா கேலி செய்யும் படிப்பு

கேள்வி: என் மகள் வேலூரில் பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கிறாள். அடுத்து அரசியல் உளவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். என் மூத்தாரோ, "அப்படி ஒரு படிப்பே கிடையாது. ஜனங்க காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறாங்க, கும்பல்ல ஒருத்தன் கத்தினா எல்லாரும் கத்துறாங்க. இதுல ஆராய என்ன இருக்கு?" என்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சு. இது நிஜமான துறைதானா? அவளை அனுப்பலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: சகோதரி, ஜனங்கள் அரசியலில் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் நிஜமான துறைதான் இது, தயங்காமல் அனுப்புங்கள். அவளுடைய பெரியப்பா சொல்வதையும் ஒதுக்கிவிட வேண்டாம், ஏனென்றால் இந்தத் துறையின் ஆரம்பகாலப் பேச்சு ஏறக்குறைய அவர் பேசுவது போலத்தான் இருந்தது.

பிரான்சில் குஸ்தாவ் லெ போன் என்பவர் 1895-இல் கூட்டத்தின் மனத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தனியாக இருக்கும்போது யோசிக்கிற மனிதன், கூட்டத்தில் சேர்ந்ததும் புத்தியை இழந்து தூண்டுகிறவன் பின்னால் போய்விடுவான் என்பது அவர் வாதம். 1871 பாரிஸ் கிளர்ச்சியைக் கண்ணால் பார்த்தவர், அந்தப் பயம் அவர் எழுத்தில் தெரிகிறது.

நம்ம வேலூர்க் கோட்டையை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். லெ போன் கண்ணால் பார்த்தால் அது வெறி பிடித்த கும்பல். ஆனால் அதற்கு முன் என்னவெல்லாம் நடந்தது? நெற்றியில் குறி வைக்கக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை எடு, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. இதெல்லாம் தெரிந்த பிறகும் அவர்களைப் புத்தி கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கொதிப்பு ஏன் உறைக்கவில்லை என்றும் கேட்க வேண்டும் இல்லையா? கடைசியில் மதராஸ் கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடக்கையும் கம்பெனியே திருப்பி அழைத்துக்கொண்டது.

இந்தத் துறை தேறியதே, ஜனங்களை மேலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களிடம் போய்க் கேட்க ஆரம்பித்த பிறகுதான். லண்டனில் கிரகாம் வாலஸ் தானே தேர்தலில் நின்றவர். மனிதர்கள் கணக்குப் போட்டு ஓட்டுப் போடுவதில்லை, பழக்கமும் பாசமும் அதில் கலந்திருக்கின்றன என்று 1908-லேயே எழுதினார். அப்புறம் 1940-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் கூட இருந்தவர்களும் செய்த வேலையை உங்கள் மகள் கட்டாயம் படிக்க வேண்டும். 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்திலிருந்து நவம்பர் வரை அதே ஆட்களிடம் மாதாமாதம் போய், யாருக்கு ஓட்டு, ஏன், மனம் மாறியதா என்று கேட்டார்கள். ரேடியோவும் பத்திரிகையும் ஜனங்களை ஆட்டிவைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள், ஆனால் பிரச்சாரத்தால் கட்சி மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டிலும் வேலையிடத்திலும் தெரிந்த ஆளோடு பேசிய பேச்சுக்குத்தான் அதிக பலம் இருந்தது. குடியாத்தத்தில் தறிக்கூடத்திலும் டீக்கடையிலும் நடக்கும் பேச்சை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் அவளுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஹிட்லருக்குப் பிறகு கேள்வி இன்னும் கடுமையாக மாறியது. ஜெர்மனியிலிருந்து வெளியேறிய சிந்தனையாளர் அடோர்னோவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து, எப்படிப்பட்ட ஆள் சர்வாதிகாரத்துக்குத் தலையாட்டுவான் என்று 1950-இல் ஒரு அளவுகோலையே வெளியிட்டார்கள். அதில் ஓட்டை இருந்தது. கேள்விகள் எல்லாம் 'ஆமாம்' என்றால் சர்வாதிகாரப் பக்கம் என்பது போலவே இருந்ததால், எதற்கும் ஆமாம் போடுகிறவர் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டார். உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் கதை வேறு. நாஜிகளிடம் போர்க்கைதியாக இருந்து பிழைத்து வந்தவர், சொந்தக் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பதைச் சாக்காக வைத்து இரண்டாகப் பிரித்தார். முன்பகை கிடையாது, லாபம் கிடையாது, தன் பக்கத்தில் யார் யார் என்றுகூடத் தெரியாது. அப்படியும் மற்றவர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது பையன்கள் தன் பக்கத்துக்கே அதிகம் ஒதுக்கினார்கள். 1970-இல் வெளிவந்த இந்த ஆய்வை, சாதியும் கட்சிக்கொடியும் தெருவைப் பிரிக்கும் ஊரில் வாழும் நாம் கவனித்துப் படிக்க வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று பெரியப்பா சொல்லக்கூடும். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளைத் திரட்டி எழுதியவர் நம் நாட்டு ஜமுனா பிரசாத். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் இல்லாமல் தப்பித்த இடங்களில், இதைவிடப் பெரிய ஆபத்து வரப்போகிறது என்ற வதந்தி ஓடியது. ஏற்கனவே உள்ளே இருக்கும் பயத்துக்கு ஜனங்கள் ஒரு காரணம் தேடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் அதை விளக்கி, 1957-இல் வெளியிட்ட தன் கோட்பாட்டில் சேர்த்தார். இன்றைய வாட்ஸ்அப் வதந்திகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அரசியல் உளவியலுக்கென உலக அளவில் சங்கம் 1978-இல் உருவானது. நம் நாட்டில் ஆஷிஸ் நந்தி சமூகவியலும் மருத்துவ உளவியலும் படித்துவிட்டு இதே துறையில் பேர் வாங்கியவர்.

சரி, காசு விஷயம். 2019-இல் நம்ம வேலூர்த் தொகுதித் தேர்தலே பணம் பிடிபட்டதால் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்ததே, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் காசு வாங்கியவர் கொடுத்தவருக்கே ஓட்டுப் போடுகிறாரா? இரண்டு பக்கமும் வாங்கினால் எப்படி முடிவெடுக்கிறார்? வாங்க மறுத்தவருக்கு அக்கம்பக்கத்தில் என்ன பேர்? பெரியப்பாவிடமே இதைக் கேளுங்கள், அவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் மகள் கற்றுக்கொள்ளப் போவது அந்த வேலையைத்தான்.

இந்தப் பெயரிலேயே எம்.ஏ. தேடி அலைய வேண்டாம். எம்.ஏ. உளவியலோ அரசியல் அறிவியலோ சேரட்டும், புள்ளியியலை விடாமல் படிக்கட்டும், டெல்லியில் சி.எஸ்.டி.எஸ். என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் லோக்நிதி பிரிவு வெளியிடும் தேர்தல் கணக்கெடுப்புகளை இப்போதே வாசிக்கட்டும். அட்மிஷனுக்கு முன் துறைத் தலைவரைப் பார்த்து, வாக்காளர்களைப் பற்றி புராஜெக்ட் செய்ய வழிகாட்டும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.