கரித்துண்டைக் கார்பன் டேட்டிங்குக்கு அனுப்பும் முன் நாமே கழுவி அனுப்பலாமா? ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கழுவாதீர்கள். உடையாமல் இருக்கட்டும் என்று பசையும் தடவாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணோடு எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, குழி எண், ஆழம், மண்ணடுக்கு எல்லாம் எழுதி அனுப்புங்கள். பஞ்சிலும் டிஷ்யூ காகிதத்திலும் சுற்ற வேண்டாம். அவையும் கார்பன்தான், அதுவும் இந்தக் காலத்துக் கார்பன்.

நீங்கள் அகழாய்வுக் குழியில் வேலை பார்க்கும் மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டிய பதில் இவ்வளவுதான். ஆனால் "அப்படி என்னதான் செய்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பல வருடம் அந்த வேலையைச் செய்தவள். மெஷினில் போட்டால் வயது வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மெஷின் பார்ப்பது கடைசியில் மிஞ்சும் சுமார் 1 மில்லிகிராம் கார்பனை மட்டும். அது எந்தக் காலத்துக் கார்பன் என்பது அதற்கு முன்பே, கழுவும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

முதலில் நுண்ணோக்கியில் வைத்து, இடுக்கியால் வேர் நுனிகளை ஒவ்வொன்றாக எடுப்போம். அப்புறம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் சுண்ணாம்புச் சத்து போய்விடும். அடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். மண்ணிலிருந்து கரிக்குள் ஊறிய ஹ்யூமிக் அமிலம் இதில் கரைந்து டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும். நீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் மறுபடி அமிலம். ஏன் என்றால், காரம் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அதை விரட்டாவிட்டால் இன்றைய காற்றும் சேர்ந்து அளவிடப்படும்.

ஒருமுறை ஒரு களக் குழுவிலிருந்து கரி வந்தது. அறிவிப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தினமும் தொலைபேசி. காரத்தில் போட்டதும் கரி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஈர மண்ணில் நெடுங்காலம் கிடந்த கரிக்கு இப்படி ஆகும். "காரத்தை விட்டுவிட்டு அமிலத்தோடு முடித்துக் கொடும்மா, என்ன வந்துவிடப் போகிறது" என்றார் மேலே இருந்தவர். நான் முடியாது என்றேன். மிஞ்சிய கரியைத் தனியாகவும், கரைந்து இறங்கியதை அமிலத்தால் வீழ்படிவாக்கித் தனியாகவும் அளக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். வாக்குவாதம் பெரிதாகி, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். கரைந்த பகுதியின் வயது, கரியின் வயதைவிடச் சில நூற்றாண்டு குறைவாக வந்தது. காரத்தை விட்டிருந்தால் இரண்டும் கலந்து ஒரு பொய்யான வயது அச்சேறியிருக்கும். இதை இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

1 சதவீத அழுக்குக்கா இவ்வளவு என்று யாராவது கேட்பார்கள். 2500 ஆண்டு பழைய கரியில் இன்றைய கார்பன் 1 சதவீதம் கலந்தால் 30 ஆண்டு போலத்தான் பிசகும், உண்மை. ஆனால் காலப்போக்கில் சிதைந்து குறைந்து வயதைக் காட்டும் கார்பன்-14 துளியும் மிஞ்சாத மிகப் பழைய பொருளில் அதே 1 சதவீதம் கலந்தால், அது 37,000 ஆண்டுப் பொருள் போலக் காட்டும். கார்பன்-14 இல்லாத நிலக்கரி, பெட்ரோலிய வகைக் கார்பன் 1 சதவீதம் கலந்தாலோ, எந்த மாதிரியிலும் 80 ஆண்டு கூடும். பசை வேண்டாம் என்றது அதனால்தான்.

சிதையாத இன்னொரு கார்பன் வகையான கார்பன்-13 அளவையும் சேர்த்துக் கேளுங்கள். நெல்லும் மரங்களும் ஒரு வகை, சுமார் மைனஸ் 27 பெர் மில் (ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை வித்தியாசம் என்பது). கம்பு, சோளம், கேழ்வரகு இன்னொரு வகை, மைனஸ் 12 பக்கம். எல்லா வயதையும் மைனஸ் 25க்குச் சரிசெய்துதான் தருவார்கள். 1 பெர் மில் வித்தியாசம் சுமார் 16 ஆண்டு. கருகிய கம்பை அளக்காமல் மைனஸ் 25 என்று வைத்துக்கொண்டால், உண்மையைவிட 200 ஆண்டு இளமையாகக் காட்டும். கார்பன் அணுக்களை எண்ணி வயது தரும் ஏஎம்எஸ் மெஷின் தானே தரும் கார்பன்-13 எண் வயதைத் திருத்தத்தான். அதில், மெஷினில் வைப்பதற்காக மாதிரியைக் கிராஃபைட் ஆக்கும்போதும் மெஷினுக்குள்ளும் ஏற்படும் மாற்றம் சேர்ந்திருக்கும். என்ன பயிர், என்ன உணவு என்று பேச வேண்டுமானால், சுத்தம் செய்த அதே மாதிரியில் ஒரு சிட்டிகையை ஐசோடோப் நிறமாலைமானியில் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

2019இல் வெளியான கீழடி தேதி, 353 செ.மீ. ஆழத்துக் கரிக்குக் கி.மு. 580. கி.மு. 800 முதல் 400 வரை அளவுத்திருத்த வளைகோடு (கார்பன்-14 வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் கோடு) ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அந்தக் காலத்து எந்த மாதிரிக்கும் வீச்சு அகலமாகத்தான் வரும். கீழடியைச் சந்தேகப்படுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிழை வரம்பையும் சேர்த்து அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. இந்த வேலை செய்பவர்கள் பெரும்பாலும் திட்ட உதவியாளர்கள். வருடா வருடம் நீட்டிப்புக்குக் கையேந்த வேண்டும், சம்பளம் மாதக்கணக்கில் நிற்கும், கை பழகிய நேரத்தில் திட்டம் முடிந்துவிடும். அப்புறம் புதிதாக ஒருவர் வந்து முதலிலிருந்து கற்றுக்கொள்வார். நான் சொன்ன அந்தக் கரியைப் பற்றிய கட்டுரையின் நன்றியுரையில்கூட மேசையில் நின்றவர்கள் பெயர் இல்லை. எனக்காக மட்டும் சொல்லவில்லை. என்னோடு நின்ற இரண்டு பேர் இன்று வேறு துறையில் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் குழிக்கு வருவோம். கரியோடு நெல்மணியோ உமியோ கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள். கரி, மரத்தின் நடுத்தண்டாக இருந்தால் வெட்டிய வருடத்தைவிட நூறு ஆண்டு பழையதாகக்கூட இருக்கலாம். நெல் ஒரே பருவத்துப் பயிர். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று வந்ததே, அந்த மாதிரித் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. எலும்பாக இருந்தால் வயது பார்க்க வேண்டிய கொலாஜன் என்ற எலும்புப் புரதம் நம் வெப்பத்துக்குப் பெரும்பாலும் மிஞ்சாது. அனுப்பும் முன் ஆய்வகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.