மேட்டுப்பாளையம் – ஊட்டி, சுமையோடு சைக்கிளில்: கேள்வி பதில்

கே: அண்ணா, குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா? பின் கேரியரில் பத்து கிலோ இருக்கும்.

ப: வண்டி நெரிசல் பிடிக்காதென்றால் கோத்தகிரி. முதல் தடவை என்றால் குன்னூர். அந்த வழியில் பர்லியாறில் டீ, சாப்பாடு கிடைக்கும். கோடை சீசனில் குன்னூர் சாலையை ஏறவும் கோத்தகிரி சாலையை இறங்கவும் ஒருவழியாக்குவது வழக்கம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் சாலையில் மண் சரியும். அடைமழை நாளில் ஏறவே வேண்டாம்.

கே: முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28. ஏற்றத்துக்குப் போதுமா?

ப: சுமை இல்லாமல் போதும். உங்கள் எடையும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துக்கே சுமார் 135 வாட் வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கலாம். 28 என்றால் 50-க்கும் கீழே போய்விடும். முழங்கால் மூட்டுதான் அதற்கு விலை கொடுக்கும். கேசட்டை, அதாவது பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பை, மாற்றுங்கள். புதுக் கேசட்டோடு பழைய செயினை ஓட்டினால் பல்லில் வழுக்கும், நீளமும் போதாது. செயினையும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் பின் டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கியரை வளைவுக்கு முன்பே இறக்குங்கள். கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம்தான் செங்குத்து. அங்கே அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். மேலிருந்து பஸ் வந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். அதற்கு முழுச் சாலையும் தேவை.

கே: விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பலாமா?

ப: கூடாது. கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்தபின் ஆறு மணிக்குக் கிளம்பினாலும் பதினொன்றுக்குக் குன்னூர் சேரலாம்.

கே: சாப்பாடு, தண்ணீர்?

ப: மணிக்கு ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய், அரை முதல் முக்கால் லிட்டர் உப்புப் போட்ட தண்ணீர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை; சொந்த பாட்டில் இரண்டு வேண்டும்.

கே: போன முறை பின் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி உடைந்தது. ஏன்?

ப: எப்போதும் செயின் பக்கக் கம்பிதானே? கேசட்டுக்கு இடம் விட அந்தப் பக்கக் கம்பிகள் நேராக நிற்கும், இழுவிசையும் அதிகம். பின்பாரமும் சேர்ந்தால் முதலில் போவது அவைதான். மூன்று கிலோவையாவது முன்பக்கம் மாற்றுங்கள், ஏற்றத்தில் ஹேண்டில் அலைவதும் நிற்கும். அளவான உதிரிக் கம்பி மூன்றும் கேசட் கழற்றும் கருவியும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாமல் கம்பி மட்டும் இருந்து பயனில்லை.

கே: இறக்கத்தில் டியூப் வெடிக்குமா சார்? ரிம் பிரேக்தான், சக்கர வளையத்தையே கட்டை பிடிக்கும் வகை.

ப: வெடிக்கலாம். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 330-க்குள். 100 கிலோ அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சம் ரிம்மில் இறங்கும். மெதுவாகப் போகிறேன் என்று பிரேக்கைப் பிடித்தபடியே இருப்பதுதான் மோசம். நேர்சாலையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்திப் பிடித்து, மறுபடி விடுங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மின் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். அனல் அடித்தால் பத்து நிமிடம் ஓய்வு. பிரேக் கட்டையின் கோடு தேய்ந்திருந்தால் ஊட்டியிலேயே மாற்றிவிடுங்கள். மழையில் முதல் சில சுற்றுக்குப் பிரேக் பிடிக்காது, முன்கூட்டியே லேசாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.