ரத்தம் 7தான், ஆனாலும் டானிக் தரவில்லையே?

கேள்வி: மகள் வயிற்றுப் பேரனுக்கு எட்டு மாதம், எடை நாலே முக்கால் கிலோதான். மூன்றாம் மாதமே தாய்ப்பால் நின்றுவிட்டது, அப்புறம் தண்ணீர் கலந்த பசும்பால்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஆகிறது. ரத்தம் (ஹீமோகுளோபின் அளவு) 7 என்கிறார்கள், ஆனால் இரும்புச்சத்து டானிக் தரவில்லை. நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா? பீட்ரூட் சாறு?
- ஒரு பாட்டி, தர்மபுரி மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருக்கிறார். இவ்வளவு மெலிந்த குழந்தைக்கு ரத்தத்தில் இரும்பைச் சுமந்துபோகும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதமே குறைந்துபோயிருக்கும், அந்த நேரத்தில் ஊற்றுகிற இரும்பு உடம்பில் ஒட்டாமல் கிருமிகளுக்குத் தீனியாகிவிடும், சாதாரண சளிகூட உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் கிருமித்தொற்று அடங்கி, பசி திரும்பி, எடை ஏறத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் இரும்பு ஆரம்பிப்பார்கள். அதற்குள் கொடுக்கும் சிகிச்சை உணவிலேயே இரும்பு சேர்ந்திருந்தால் தனியாக டானிக்கே தேவைப்படாது.

சரி, ரத்தம் ஏன் குறைந்தது? இரும்பு மட்டும் காரணமில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாயிடமிருந்து வாங்கிச் சேர்த்த இரும்பை வைத்துத்தான் குழந்தை முதல் நான்கு முதல் ஆறு மாதம் ஓட்டுகிறது. தாய்க்கே ரத்தசோகை என்றாலோ, குறைமாதத்தில் பிறந்தாலோ அந்தக் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, இருப்பதையும் அதிலுள்ள கால்சியம் உறிஞ்ச விடாது, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டாகும். அப்புறம் புரதம், ஃபோலிக் அமிலம், பி12, தாமிரம், வைட்டமின் ஏ, இதில் எது குறைந்தாலும் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாவது தடைபடும். அடிக்கடி வரும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வேறு இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் பயன்படுத்த விடாமல் பூட்டிவைத்துவிடும். ஃபோலிக் அமிலம் முதல் நாளிலிருந்தே கொடுத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ரத்தம் ஏற்றவில்லையே என்றும் பதறாதீர்கள். 4க்குக் கீழே போனாலோ, 4லிருந்து 6க்குள் இருந்து மூச்சும் வாங்கினாலோதான் ஏற்றுவார்கள். நலிந்த இதயம் அந்தப் பாரத்தைத் தாங்காது.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. அந்தச் சின்ன வயிற்றில் சாறு போனால் மருத்துவமனைப் பால் போக இடமில்லாமல் போகும், இப்போது அவனைக் காப்பாற்றுவது அந்தப் பால்தான். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

உங்கள் மகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் அம்மா. கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள், உள்ளே வெளுத்திருந்தால் அவளுக்கும் வைத்தியம் தேவை.